தராசில் ஏறாத துரை

துரை மூன்றாவது தட்டையும் மூக்கால் தள்ளிவிட்டது.

முதல் தட்டில் பிஸ்கட். இரண்டாவதில் பாலில் நனைத்த ரொட்டி. மூன்றாவதில் பொரித்த கோழித் துண்டுகள். அவை உண்மையில் வீட்டுக்காரருக்காக எடுத்து வைக்கப்பட்டவை. துரைக்குக் காலையிலிருந்து இரண்டு முறை வாந்தி. மனைவி சாப்பாட்டு மேசைக்கு அடியில் மண்டியிட்டு அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துரையோ கூடத்துச் சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்திருந்தது. நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில், நாயின் கண் மட்டத்தில், 'இந்த நாற்காலியில் நாய் ஏறக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருந்தது. அதன் கீழ் மூலையைக் காணோம்.

"இறங்கு" என்றார் வீட்டுக்காரர்.

துரை ஒரு காதை மட்டும் திருப்பியது. மனு கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது என்று அர்த்தம்.

"அதுக்கு உடம்பு சரியில்லீங்க, விடுங்க" என்றாள் மனைவி, மேசைக்கடியிலிருந்து.

"உடம்பு சரியில்லைன்னா ஒழுங்கு லீவு எடுத்துக்குமா? இன்னிக்கு நாற்காலி. நாளைக்குக் கட்டில். நாளன்னிக்கு நாம தரையில, அது மெத்தையில."

"இப்பவே அப்படித்தானேப்பா இருக்கு" என்றாள், கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள்.

வீட்டுக்காரர் ஒரு குழாய் நிறுவனத்தில் பணியாளர் துறைத் தலைவர். அலுவலகத்தில் அவருக்குச் சுற்றறிக்கை என்று பெயர். கழிப்பறைக் கதவை எப்படிச் சாத்த வேண்டும் என்பதற்குக்கூட எண் போட்டு, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு ஊர்வலம் விடுகிறவரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது. வீட்டிலும் அவர் கை சும்மா இருந்ததில்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் பதின்மூன்று சுற்றறிக்கைகள் இருந்தன. அவற்றில் ஆறாவது, குளியலறையில் இருந்த எடைக் கருவி தொடர்ந்து பொய் சொல்லி வருவதால் அது பரணுக்கு மாற்றப்படுகிறது என்று அறிவித்தது. பதினான்காவதுதான் சுவரில் இருந்த நாற்காலி விவகாரம். நாயின் எச்சில் படக் கூடாதென்று அதற்குப் பிளாஸ்டிக் உறை வேறு.

ஒழுங்கு இருக்கிற உடம்புக்கு வியாதி வராது என்பது அவருடைய கொள்கை. போன மாதம் நிறுவனத்தில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. 'முடிவுகளை அலட்சியம் செய்வோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று மிரட்டியவரே அவர்தான். தன் பெயருக்கு வந்த உறையை மட்டும் பிரிக்காமல் நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கடியில் செருகிவிட்டார். மேசை ஆடுவது நின்றது. பரிசோதனையால் விளைந்த பயன் அவரைப் பொறுத்தவரை அதுதான்.

நாயை மட்டும் அப்படிச் செருகிவிட முடியவில்லை. நாலாவது தட்டும் தரையில் உருண்டபோது அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நாயைப் போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, மனைவியோடு மச்சினனின் மருத்துவமனைக்குக் கிளம்பினார்.

மனைவியின் தம்பி கால்நடை மருத்துவர். இருபது வருடமாக அவர் அவனை 'மாட்டு டாக்டர்' என்றே சொல்லி வந்தார், அவன் மாட்டைவிடப் பூனைகளைத்தான் அதிகம் பார்த்தான் என்றாலும். இப்போது நாயின் தலையைத் தடவிக்கொண்டு, "மச்சான், நீதான் பார்க்கணும்" என்றபோது அவர் குரலில் ஒரு சுற்றறிக்கைகூட இல்லை.

"விட்டுட்டுப் போங்க மாமா. மூணு நாள் இங்கயே இருக்கட்டும்" என்றான் மச்சினன்.

மனைவி தம்பியிடம் ஏதோ பேச வேண்டும் என்று உள்ளே போனாள். கால்மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் வெளியே பெஞ்சில், கூண்டுக்கிளியோடு வந்திருந்த ஒருவருக்குக் கிளி வளர்ப்பில் கண்டிப்பின் அவசியத்தை விளக்கினார். கிளி அவரை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மறுகண்ணாலும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

அன்று மாலை மேசை மறுபடி ஆடியது. "துரை இடிச்சு நகர்த்தியிருக்கும்" என்றார். பழைய சுற்றறிக்கை ஒன்றை மடித்துக் காலுக்குக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் போனபோது துரை வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. மச்சினன் மட்டும் சிரிக்கவில்லை.

"உட்காருங்க மாமா. சொல்றதை நல்லாக் கேட்டுக்கங்க. வாந்தியெல்லாம் சரியாப் போச்சு. உள்ள விஷயம் வேற. ரத்தத்துல கொழுப்பு ஏகத்துக்கு இருக்கு. அழுத்தமும் ஜாஸ்தி. வயசுக்கு மீறின எடை. இப்படியே விட்டா ஒருநாள் படியேறும்போது பொத்துன்னு உட்காரும். அதோட சரி."

துரை தரையில் உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டது. அவர் அதைப் பார்த்தார்.

"செத்துப் போயிடுமா?"

"பத்து வாரம் கண்டிப்பா இருந்தா போகாது. நேரத்துக்கு மாத்திரை, நேரத்துக்கு நடை, எண்ணெய் உப்பு கிடையாது. ஒருநாள் விட்டாலும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பிடிவாதக்கார ஜென்மம் மாமா. கெஞ்சினா ஏறி மிதிக்கும், அதட்டினா முறைச்சுக்கும். பழக்கித்தான் கொண்டு வரணும்."

"பழக்குறதைப் பத்தி என்கிட்டயா சொல்றே. முந்நூறு பேரைப் பழக்கியிருக்கேன்."

மனைவி சன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நாய்க்குப் போய் இவ்வளவு அழுகையா என்று அவருக்கு ஆச்சரியம். தனக்கும் வந்துவிடும்போல் இருந்ததால் குனிந்து துரையின் காதைத் தடவினார்.

"மொதல்ல எடை பார்த்துடலாம்" என்றான் மச்சினன்.

தராசு என்பது மூலையில் தரையோடு கிடந்த ஒரு தகரப் பலகை. எண் காட்டும் பெட்டி மேசை மேல், உதவியாளர் அம்மாளின் பக்கமாகத் திரும்பியிருந்தது.

"துரை தனியா ஏறாதுங்க" என்றாள் மனைவி. "அவர் தூக்கிட்டு ஏறினாத்தான்."

"அதனால என்ன. மாமா, தூக்கிட்டு ஏறுங்க. அப்புறம் நாயை இறக்கிட்டு நீங்க மட்டும் ஏறுங்க. ரெண்டையும் கழிச்சா நாய்."

அவர் நாயைத் தூக்கிக்கொண்டு நின்றார். பிறகு தனியாக நின்றார். இரண்டு முறையும் கூரையைப் பார்த்தபடி நின்றார். உதவியாளர் அம்மாள் ஓர் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டாள். இனி சனிக்கிழமைதோறும் இப்படி வந்து நிற்க வேண்டும் என்று ஏற்பாடு.

வீட்டுக்கு வந்ததும் சுற்றறிக்கை பதினைந்து தயாரானது. பொருள்: துரையின் உடல்நலமும் ஒழுங்கும். ஒரே குரல், ஒரே நேரம், ஒரே கை. நாய்க்கு மாத்திரை கொடுக்கும் அதிகாரம் குடும்பத் தலைவருக்கு மட்டுமே உண்டு.

"கையெழுத்து எங்கேப்பா?" என்றாள் மகள்.

"கீழ இருக்கு பாரு."

"உங்களோடது இருக்கு. துரையோடது?"

முதல் நாள் மாத்திரையை ரொட்டியில் வைத்துக் கொடுத்தார். துரை ரொட்டியைத் தின்றுவிட்டு, மாத்திரையைச் சுத்தமாக நக்கித் துடைத்து, அவர் செருப்பில் வைத்தது. இரண்டாம் நாள் வெண்ணெயில் பொதிந்தார். வெண்ணெய் போயிற்று, மாத்திரை நின்றது. மூன்றாம் நாள் அதிகாரத்தைப் பயன்படுத்தித் தாடையைத் திறந்தார். துரை மரியாதை தெரிந்த நாய்; விரலைக் கடிக்கவில்லை. சட்டைக் கையைக் கடித்து, முழங்கை வரைக்கும் கிழித்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் வாலை ஆட்டியது.

"தலைவன் முன்மாதிரியா இருக்கணும்" என்று அன்று மாலை அறிவித்தார். "நான் அது கண்ணுக்கு முன்னாடி ஒரு மாத்திரை முழுங்கப் போறேன். பார்த்துட்டு அதுவும் முழுங்கும். வீட்டுல சும்மா ஏதாவது மாத்திரை இருக்கா?"

மனைவி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஒரு நிமிடத்தில் ஒரு மாத்திரைப் பட்டையோடு வந்தாள். "சத்து மாத்திரை. ஒண்ணும் பண்ணாது."

"தண்ணி இல்லாமலே முழுங்கிக் காட்டுறேன் பாரு."

"வேணாங்க. தண்ணியோட முழுங்குங்க. அதுவும் அப்படியே பழகும்."

அவர் முழுங்கினார். துரை அவர் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைக் கவனித்தது. ஐந்தாவது நாள், அலுப்பு தாங்காமலோ என்னவோ, தன்னுடையதையும் விழுங்கியது. அவர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்ன முதல் செய்தியே அதுதான். சிக்கல் என்னவென்றால், அதன் பிறகு அவர் முழுங்காமல் அது முழுங்குவதில்லை. காலையில் ஒன்று, நடுப்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரையொருவர் நம்பாத இரண்டு அரசாங்கங்களைப் போல, ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

அடுத்தது சாப்பாடு. வேகவைத்த காய், வேகவைத்த கோழி, உப்பில்லாத கஞ்சி. துரை தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு நேராக மேசைக்கு வந்து, அவர் தட்டில் இருந்த பொரித்த மீனைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையை அவர் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைகளில்கூடச் சந்தித்ததில்லை.

"மோப்பம் பிடிக்குதுங்க" என்றாள் மனைவி. "நாம ஒண்ணு, அது ஒண்ணுன்னு சாப்பிட்டா அதுக்கு எப்படி மனசு வரும்?"

சுற்றறிக்கை பதினாறு: துரை உண்பதையே குடும்பமும் உண்ணும்.

"நாங்களுமா?" என்றாள் மகள்.

"தலைவன் மட்டும்னா அது எப்படி ஒழுங்கு ஆகும்?"

மகள் மதியச் சாப்பாட்டைக் கல்லூரியில் பார்த்துக்கொண்டாள். மனைவி சமையலறையில் என்ன சாப்பிட்டாள் என்று யாரும் விசாரிக்கவில்லை. அவர்தான் நாயின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, வெந்த முட்டைக்கோஸை ரசிப்பதுபோல் மென்றார். அலுவலகத்தில் யாரோ பிறந்தநாள் கேக்கை நீட்டியபோது, "வேணாம், வாசனையை வெச்சே கண்டுபிடிச்சிடும்" என்றார். மனைவியைத்தான் சொல்கிறார் என்று எல்லோரும் புரிந்துகொண்டு அனுதாபப்பட்டார்கள்.

நடை வேறு கதை. காலையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்றிருந்தான் மச்சினன். துரை பத்தாவது அடியில் உட்கார்ந்துகொள்ளும். 'இழுக்காதீங்க, தூக்காதீங்க, அது எழுந்திருக்கிற வரைக்கும் அதைச் சுத்தி வேகமா நடங்க' என்பது உத்தரவு. தெருவில் காலை நடை போனவர்கள், ஒரு நாயைச் சுற்றி, டை கட்டிய ஒரு பெரிய மனிதர் வேகவேகமாக வட்டமடிப்பதைப் பார்த்தார்கள். துரை நடுவில் உட்கார்ந்து அவரை மேற்பார்வை செய்தது. ஒரு சுற்றில் அவர் வேகம் குறைந்தால் கொட்டாவி விட்டது.

"எத்தனை சுத்து சார் ஆச்சு?" என்று செய்தித்தாள் போடுகிறவர் நின்று கேட்டார்.

"பயிற்சி நடக்குது. தொந்தரவு பண்ணாதீங்க."

"யாருக்கு சார்?"

அவர் கையசைத்துப் போகச் சொன்னார். மூச்சு மிச்சமில்லை.

நடுப்பகல் மாத்திரைதான் எல்லாவற்றையும் குழப்பியது. அவர் இல்லாமல் துரை வாயைத் திறக்காது. ஆகவே நாயை அலுவலகத்துக்கே கூட்டிப் போனார். துரை மின்தூக்கியைப் பார்த்ததும் நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டது. பெட்டிக்குள் போவதில்லை என்பது அதன் கொள்கை. அவருடைய அறை நாலாவது மாடியில் இருந்தது. முதல் நாள் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "நாய் களைச்சுப் போச்சு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். நாய் அதற்குள் நாலாவது மாடிக்குப் போய்த் திரும்பி வந்து அவரை முகர்ந்து பார்த்தது.

மூன்றாவது வாரம், மேலாளர்கள் கூட்டத்தில் 'மாறாத கண்டிப்பு: ஒரு வாழ்க்கைமுறை' என்று அரைமணி நேரம் பேசினார். உயிருள்ள எடுத்துக்காட்டாகத் துரை பக்கத்தில் நின்றது. பேச்சின் உச்சத்தில், "இப்போ ஒரே ஒரு வார்த்தை. பாருங்க" என்றார். நெஞ்சை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து, "உட்கார்" என்றார்.

துரை நின்றது. ஏதோ கேட்பதற்காக எழுந்திருந்த நிர்வாக இயக்குநர் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவருடைய மேசைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு இன்னொருவர் எழுதியது. வளாகத்துக்குள் விலங்குகளுக்கு அனுமதி இல்லை.

அதன்பின் நடுப்பகலில் அவரே வீட்டுக்கு வந்து போக வேண்டியதாயிற்று. இரண்டு நாள் ஸ்கூட்டரில் வந்தார். ஸ்கூட்டர் சத்தம் என்றால் மாத்திரை என்று துரை கண்டுகொண்டது. தெருமுனையில் சத்தம் கேட்டதுமே கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோரமாக ஒட்டிக்கொள்ளும். அவர் துடைப்பத்தோடு தரையில் குப்புறப் படுத்து அரைமணி நேரம் சமாதானம் பேச வேண்டும்.

"நடந்து வாங்கப்பா" என்றாள் மகள். "சத்தம் கேட்காது."

"ஒன்றரை கிலோமீட்டர்டி."

"அப்ப நான் குடுக்கட்டுமா?"

"ஒரே கை" என்றார் அவர், நாடகமேடையில் நிற்பவரைப்போல. நடந்து வந்தார். நடந்து போனார். ஸ்கூட்டரின் இருக்கையில் தூசி படிந்தது. ஒருநாள் நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கவில்லை. நனைந்தபடி ஓடி வந்து, வாசலில் நின்றுகொண்டிருந்த மனைவியிடம், "ஒருநாள் விட்டாலும் மொதல்ல இருந்துன்னு சொன்னானே உன் தம்பி" என்றார். அவள் துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். கல்யாணமான புதிதில் கடைசியாகச் செய்தது அது. அவருக்கு அது தெரியவில்லை. துரையின் மூக்கைத் தொட்டு ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரங்கள் ஓடின. உலகம் தன்னால் சீர்பட்டு வருவதாக அவருக்குத் தோன்றியது. அலுவலகப் படிகள் முன்போல் உயரமாக இல்லை. கட்டடப் பராமரிப்புத் துறைக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். அவர்கள் படியைத் தொட்டே ஆறு வருடமாகியிருந்ததால் குழம்பிப்போய் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். கால்சட்டைகள் இடுப்பில் நிற்காமல் நழுவின. சலவை இயந்திரம் துணியைத் தளர்த்திவிடுவதாகச் சுற்றறிக்கை பதினேழு வெளியானது. மனைவி எதிர்ப்புத் தெரிவிக்காமல் ஒரு புது இடைவார் வாங்கிக் கொடுத்தாள். துரையைப் பற்றித்தான் அவருக்குப் பெருமை. "இடுப்பு தெரியுது பாரு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். வந்தவர்கள் பீப்பாய் போலிருந்த நாயைப் பார்த்துவிட்டு, அவருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று மனைவியிடம் தனியாக விசாரித்துப் போனார்கள்.

பத்தாவது சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை நிர்வாக இயக்குநர் முன்னால் அதே பேச்சை மறுபடி பேசித் தன் மானத்தை மீட்பதாக ஏற்பாடு. அதற்கு ஒரு சான்று வேண்டும். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். காத்திருக்கப் பொறுமையில்லாமல், அவளிடம் சொல்லாமலே துரையைக் கூட்டிக்கொண்டு, வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக மருத்துவமனைக்கு நடந்தார். வழியெல்லாம் நாயிடம், "பிழைச்சுட்டியா இல்லையான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்டா" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மச்சினன் இல்லை. ஒரு பண்ணையில் பசுவுக்குப் பிரசவம். உதவியாளர் அம்மாள் மட்டும் மேசையில் உட்கார்ந்து பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பத்து வாரத்துல எத்தனை கிலோ குறைஞ்சிருக்குன்னு மட்டும் சொல்லுங்கம்மா. திங்கட்கிழமை பேச்சுக்கு வேணும்."

அவள் அட்டையை எடுத்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். "ஒன்பதரை கிலோ சார். ரொம்ப நல்லா வந்திருக்கீங்க."

அவருக்கு மார்பு விரிந்தது. கண் கலங்கியது. "கண்டிப்பும்மா. வேற ஒண்ணுமில்ல. மாறாத கண்டிப்பு. அந்த அட்டையைக் குடுங்க, எல்லாருக்கும் காட்டணும்."

"தாராளமா எடுத்துக்கங்க. உங்களோடதுதானே."

வாங்கிப் பார்த்தார். முதல் வரியில் தொண்ணூற்று நாலு என்றிருந்தது. கடைசி வரியில் எண்பத்து நாலரை.

"தப்பா இருக்கே. நாய் எப்படிம்மா தொண்ணூத்தி நாலு கிலோ இருக்கும்?"

"நாய் அன்னிக்கும் இருபத்தி நாலுதான் சார், போன சனிக்கிழமையும் இருபத்தி நாலுதான். அதுக்கு என்ன வந்துச்சு? அது முழுங்குறது வெறும் சத்து மாத்திரை. அன்னிக்கு ஏதோ பிளாஸ்டிக் போட்ட காகிதத்து மூலையைக் கடிச்சு முழுங்கியிருந்துச்சு. மூணாம் நாளே வெளிய வந்துடுச்சே. நாற்காலின்னு ஏதோ எழுதியிருந்துச்சு அதுல."

அவர் அட்டையைத் திருப்பினார். மறுபக்கத்தில் அவருடைய பெயர், வயது. அதோடு சேர்த்து ஊசி குத்தியிருந்த, ஒரு மருத்துவர் அவருக்கு எழுதிய மாத்திரைச் சீட்டு, ஓர் உறை. நாலாக மடித்த தடமும், நடுவில் மேசைக்கால் அழுத்திய வட்டமும் அதில் அப்படியே இருந்தன.

திரும்பிப் பார்த்தார். துரை கழுத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டு மூலைக்குப் போய், தகரப் பலகையில் தானாகவே ஏறி, வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இது... தனியா ஏறுதே" என்றார்.

"அது எப்பவும் ஏறும் சார்" என்றாள் உதவியாளர் அம்மாள், பஞ்சை உருட்டிக்கொண்டே. "'எங்க வீட்டுக்காரர்தான் தனியா ஏற மாட்டார், கையில நாயைக் குடுத்தா ஏறிடுவார்'னு உங்க வீட்டம்மா மொத நாளே சொல்லிட்டாங்களே."